வெள்ளை வந்த வீடு

மகனே,

நம் பங்குக் கோயிலில் உன் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து மேகம் கோயிலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டதால் வாசித்தவர் பங்குச் சாமியாரா, பீடத்துப் பூச்சாடியா என்று யாருக்கும் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. எப்படியும் மூன்றாம் ஓலையும் முடிந்து நீ ஒரு பெண்ணின் கையைப் பிடிக்கத்தான் போகிறாய். மற்றத் தகப்பன்மார்கள் இந்தச் சமயத்தில் கோபத்தை அடக்குவது பற்றியும் சிக்கனம் பற்றியும் எழுதுவார்கள். ஊரெல்லாம் மாமா என்று அழைக்கும் உன் அப்பனாகிய நான், கொடைக்கானல் மலையின் முடிசூடாத சக்கரவர்த்தி, மேகங்களுக்கு மேஸ்திரி, காட்டெருமைகளின் குடும்ப நண்பன், பெண்கள் தங்கள் உடம்பில் ஓர் இடத்தைக் கழுவுவது பற்றி எழுதப் போகிறேன். சிரிப்பு வந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடு. போகப் போக அதற்கு இடம் குறைவு.

இதை ஊரறிய எழுதச் சொன்னது உன் அம்மாதான். வேறு எந்த வீட்டிலாவது எவளாவது ஒருத்தி வாயை மூடிக்கொண்டு இப்படிக் கிடக்கக் கூடாது என்றாள். இரண்டு நிபந்தனை போட்டாள். அவள் பெயர் வரக் கூடாது. அடுத்தது, அவள் வாயாலேயே கேள்: "குளியலறைக் கதவு வரைக்கும் உங்க இஷ்டத்துக்கு அளந்து விடுங்க. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது." என் வாழ்நாளில் இவ்வளவு கடுமையான ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஆகவே கதவு வரும்வரை என்னை யாரும் கேட்க முடியாது.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் காவல் பார்க்கும் பங்களா வெள்ளைக்காரன் காலத்தது. முன்பக்கத்து அறைகளில் டூரிஸ்ட்டுகள் தங்குவார்கள். பின்பக்கத்து இரண்டு அறையும் ஒரு குளியலறையும் நமக்கு. வருகிறவர்கள் ஏரி பார்த்து, படகு விட்டு, சாக்லேட் வாங்கி முடித்த பிறகு கடைசியில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அங்கிள், இங்கே பேய் உண்டா?" இல்லை என்று சொல்லி அனுப்ப எனக்கு மனசு வராது. நூறு வருஷத்துப் பங்களாவுக்கு ஒரு பேய்கூட இல்லையென்றால் அது இந்த மலைக்கே அவமானம். ஆகவே ஒரு துரைசானியை நானே பெற்று, வளர்த்து, ஆளாக்கினேன். வெள்ளைக் கவுன், வெள்ளைக் காலுறை, முகம் கிடையாது. மத்தியானம் மேகம் இறங்கும்போது வருவாள். குளித்துக்கொண்டே இருப்பாள். தன் மேல் ஏதோ அழுக்கு இருக்கிறது, போகவே மாட்டேன் என்கிறது என்று நினைப்பு அவளுக்கு. யாருமில்லாத குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் அது அவள்தான். சமையல்காரர், தோட்டக்காரர், நான், எல்லோரும் அவளைச் செல்லமாக "வெள்ளை" என்றுதான் சொல்வோம். "இன்னைக்கு வெள்ளை வந்துச்சா மாமா?" என்று கேட்டுக்கொண்டேதான் தோட்டக்காரர் வேலைக்கே வருவார்.

கூடத்துக் கண்ணாடி அலமாரியில் அவளுடைய சொத்தாக ஒரு பொருளும் வைத்திருந்தேன். வெள்ளை எனாமல் டப்பா, அடியில் ஒரு மூக்கு, அதில் மாட்டிய சிவப்பு ரப்பர்க் குழாய். பழைய சாமான் அறையில் கிடந்தது. ஒரு வாரம் அதைத் துரைசானியின் பன்னீர்ச் செம்பு என்பேன், மறு வாரம் துரை படுத்தபடியே விஸ்கி குடித்த பாத்திரம் என்பேன். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அதைக் குனிந்து முகர்ந்து பார்த்து விஸ்கி வாசனை இன்னும் இருக்கிறது என்றே சொன்னார். உன் அம்மா மட்டும் அந்த அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி உதட்டைச் சுழித்துக்கொண்டு போவாள். அவளைப் பெற்றவள் மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

போன ஐப்பசி மழையில்தான் ஆரம்பித்தது. ஊர் முழுக்க ஊறிப்போயிருந்தது. கொடியில் போட்ட சட்டை காய்வதற்குள் அதில் பாசி பிடித்து, காளான் முளைத்து, அந்தக் காளானைப் பறித்து நாங்கள் குழம்பு வைத்தோம் என்று சொன்னால் நீ நம்ப வேண்டாம், ஆனால் துணி காயவில்லை என்பதை நம்பு. அப்படி ஒரு மத்தியானம், டூரிஸ்ட் யாரும் இல்லை, உன் அம்மா பள்ளிக்கூடச் சமையலறைக்கு வேலைக்குப் போயிருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரம், பின்பக்கத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குளிக்கிற சத்தம் இல்லை. மெல்ல, விட்டு விட்டு, ஒரு ஒழுக்கு. நிற்கும். பிறகு மறுபடியும். எட்டிப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. கூடத்துக்கு வந்தால், மகனே, அலமாரி திறந்து கிடந்தது. துரைசானியின் டப்பாவைக் காணவில்லை.

அன்று முதல் வீட்டில் ஒரு வாடை. புளித்த, மூக்கைக் குத்துகிற வாடை. டப்பா மறுநாள் அலமாரியில் இருக்கும், அதன் மறுநாள் இருக்காது. இருக்கும்போது தொட்டால் ஈரமாக இருக்கும். உன் அம்மாவோ ஒடுங்கிக்கொண்டே வந்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். சன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், வெளியே மேகத்தைப் பார்த்தபடி, கால் மாற்றிக் கால் மாற்றி. ஜெபமாலை உருட்ட வேண்டும் என்று சொல்லிப் படுக்கையை அடுத்த அறைக்கு மாற்றிக்கொண்டாள். பேச்சுக் கொடுத்தால் "சோலி கெடக்கு" என்று போய்விடுவாள். நான் உண்டாக்கிய கதையின் ஒவ்வொரு வரியும் என் வீட்டுக்குள் வந்து நிற்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தப் போன். அடுப்படிக் கதவு ஒருக்களித்திருந்தது. ஒட்டன்சத்திரத்துப் பெரியம்மாவிடம் அவள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளை மறுபடி வந்துருச்சுக்கா. போயிருச்சு போயிருச்சுன்னு நெனச்சா திரும்ப வந்து நிக்குது. எம்புட்டுத் தண்ணி விட்டாலும் போக மாட்டேங்குது... இல்லக்கா, அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா ஊரையே கூட்டிருவாரு."

பெண்கள் வெள்ளைப்படுவதைச் சுருக்கி அப்படிச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. எப்போதோ காதில் விழுந்த சொல்தான். ஆனால் அந்த மத்தியானத்தில், அந்த வாடையில், என் வெள்ளைதான் முந்திக்கொண்டு வந்து நின்றாள். கவுனோடு. முகம் இல்லாமல். என் முதுகுத்தண்டில் ஏறிய குளிரில் வட்டக்கானல் வரைக்கும் உறைபனி விழுந்திருக்கும்.

உன் அப்பன் கோழை இல்லை. உடனே போருக்கு ஆயத்தமானேன். கோயில் உபதேசியாரிடம் போய் மந்திரித்த தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கினேன். அது போதாவிட்டால் என்ன செய்வது என்று, பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் என் கூட்டாளியிடம் பஸ்ஸில் சொல்லிவிட்டு விபூதிப் பொட்டலம் ஒன்றும் வரவழைத்தேன். இரு மதத்தையும் கூட்டணி சேர்த்துக் குளியலறை வாசலில் நிறுத்தினேன். விபூதியைக் கோடாக இழுத்து, அதன் மேல் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா வந்து பார்த்தாள். "எறும்பா?" என்றாள். ஆமாம் என்றேன். கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். வெள்ளை பயந்ததாகத் தெரியவில்லை. தண்ணீர்ச் சத்தம்தான் முன்னைவிட அதிக நேரம் கேட்டது. அவள் என்னிடம் மறைக்கிறாள் என்பதைவிட, அவளை நான் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருக்கிறேன் என்பதுதான் எனக்குப் பயம். இருபத்தெட்டு வயதில் இருக்கிற நீ இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் ஆகும்.

கடைசி நாள் மேகம் வீட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது. மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டிய இருட்டு, கரண்டும் இல்லை. பின்பக்கத்தில் ஒழுக்குச் சத்தம். அதோடு ஒரு முனகல். கொல்லைப்பக்கம் ஓடினேன். குளியலறைச் சன்னல் கண்ணாடிக்கு வெளியே, மேகத்துக்குள், பெரிதாக ஏதோ நின்று கண்ணாடியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடி வெளுப்பதும் தெளிவதுமாக இருந்தது. காட்டெருமைதான். ஆனால் அது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், போ, உள்ளே போ, என்று இருந்தது. உள்ளே ஓடிக் கதவின் முன் நின்றேன்.

இதோ, கதவு வந்துவிட்டது. ஒப்பந்தப்படி இனி நடந்தது நடந்தபடி.

"ஏ வெள்ளை, அவளை விட்டுட்டுப் போயிரு. உன்னை உண்டாக்குனதே நான்தான்" என்றேன்.

தண்ணீர் நின்றது. உள்ளிருந்து உன் அம்மாவின் குரல்: "யாருகிட்டங்க பேசுறீங்க?"

"வெள்ளைகிட்ட."

ஏதோ தரையில் விழும் சத்தம். பிறகு, "அக்கா சொல்லிட்டாளா?"

"நானே கேட்டேன். எம்புட்டு நாளா உள்ள இருக்கா?"

"இருக்காளா?"

தாழ்ப்பாள் விலகியது. அவள் சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். துண்டு மாட்டும் ஆணியில் எனாமல் டப்பா தொங்கியது. ரப்பர்க் குழாய் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வினிகர் பாட்டில், ஒரு கட்டி படிகாரம், கிறிஸ்துமஸுக்கு நீ வாங்கி வந்த ரோஜா வாசனைச் சோப்புத் தண்ணி. நெற்றியைத் தொட்டேன். சுட்டது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே அவள் சிரிக்க ஆரம்பித்து, அது அழுகையாக முடிந்தது. அந்த டப்பா என்னவென்று அவள்தான் சொன்னாள். குடலைக் கழுவுகிற எனிமா டப்பா. ஆஸ்பத்திரிகளில் பெண்களுக்கு உள்ளே கழுவவும் அதைப் பயன்படுத்தினார்கள் என்று அவளைப் பெற்றவள் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

மழை பிடித்ததிலிருந்து அவளுக்கு அரிப்பு. தயிர்த் திப்பி மாதிரி வெள்ளை. ஒன்றுக்குப் போனால் எரிச்சல். மருந்துக்கடையில் பெயர் சொல்லாமல் ஒரு களிம்பு வாங்கிப் போட்டாள். குறைவது போலக் குறைந்து திரும்ப வந்தது. பெரியம்மா வினிகரைத் தண்ணீரில் கலந்து உள்ளே விட்டுக் கழுவச் சொன்னாள். கழுவியதும் எரிந்தது. எரிந்தால் சுத்தமாகிறது என்று இருவரும் நினைத்தார்கள். மறுபடி வந்தபோது படிகாரம். அதற்கும் மறுபடி வந்தபோது இரண்டும். நாள் முழுக்கப் பள்ளிக்கூட அடுப்பின் ஆவியில் நிற்பாள், காயாத உள்ளாடையை உடம்புச் சூட்டில் காயட்டும் என்று போட்டுக்கொண்டு. கழுவக் கழுவ வந்தது. வர வரக் கழுவினாள்.

அன்றே வண்டி பிடித்து வத்தலக்குண்டுக்கு இறங்கினோம். வளைவுக்கு வளைவு மேகம். முன்விளக்கு வெளிச்சத்தில் சாலை இல்லை, வெறும் வெள்ளை. அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். அங்கே ஒரு லேடி டாக்டர். களைத்த முகம். நான் பழக்கத்தில் ஒரு வேடிக்கை சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. என்னை வெளியே இருக்கச் சொன்னார். உன் அம்மா, "இருக்கட்டும் டாக்டர், அவரும் கேக்கட்டும்" என்றாள்.

பரிசோதித்துவிட்டு அவர் சொன்ன வாக்கியம் இது, ஓர் எழுத்தும் கூட்டவில்லை: "உள்ள கழுவுறதுக்கு அங்க அழுக்கே கெடையாதும்மா. அது தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும், அத விட்டுருங்க."

மற்றதை அவர் நிதானமாக விளக்கினார். அந்தப் பூஞ்சை வெளியிலிருந்து வந்த பகை இல்லையாம். பல பெண்களின் உடம்பில் சத்தமில்லாமல் இருப்பதுதான். அதை அடக்கி வைக்க நல்ல கிருமிகளும் அங்கேயே உண்டு. உள்ளே எதையாவது விட்டுக் கழுவினால் அந்த நல்லதும் போய், தோலும் புண்ணாகி, பூஞ்சைக்குத்தான் வசதி. இதில் வினிகர், படிகாரம், டெட்டால், வேப்பிலைத் தண்ணீர், வாசனைச் சோப்பு என்று வித்தியாசம் கிடையாது. பூஞ்சையால் மட்டும் காய்ச்சல் வராது. வேறொரு கிருமி மேலே கர்ப்பப்பை வரைக்கும் ஏறியிருக்கிறது, குழாய் வைத்துத் தண்ணீர் விட்டதே அதை ஏற்றிவிட்டிருக்கலாம் என்றார். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் என்று தொடங்கி, உன் அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். படுக்கையில் சேர்த்துக் கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். பூஞ்சைக்கு உள்ளே வைக்கிற மாத்திரை தனியாக. அரிப்பு நின்றாலும் மருந்தைச் சொன்ன நாள்வரை முடிக்க வேண்டும் என்றார். இத்தனை தரம் திரும்பி வந்திருக்கிறதே என்று ரத்தமும் சோதித்தார்கள். சர்க்கரை ஏறிக் கிடந்தது. சொம்பு சொம்பாகக் குடித்த தண்ணீர் அதற்காகத்தான். பூஞ்சைக்குச் சர்க்கரை பிடிக்குமாம். எங்களுக்குத் தகவல் சொல்ல அது எத்தனையோ முறை வந்து கதவைத் தட்டியிருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு முறையும் தண்ணீரை ஊற்றி விரட்டியிருக்கிறோம்.

காய்ச்சல் விட்ட மறுநாள் காலையில், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட எதைச் சொன்னாலும் கதையாயிரும்ல. சாயங்காலத்துக்குள்ள டூரிஸ்ட்காரன் கேட்டுச் சிரிச்சிட்டிருப்பான்."

கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னாள். எனக்கு வாழ்நாள் முழுக்கக் கிடைத்த கைதட்டல்கள் எல்லாம் அந்த ஒரு நொடியில் தண்ணீரில் கரைந்தன என்று எழுதத் தோன்றுகிறது. ஒப்பந்தம் நினைவுக்கு வருகிறது. ஒன்றும் கரையவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஆகவே, ஏலே, கேள். உன் மனைவி உன்னிடம் ஒரு நாள் இதைச் சொல்லலாம். அன்று உன் முகத்தில் அருவருப்போ வேடிக்கையோ ஒரு கீற்று தெரிந்தால்கூடப் போதும், அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். கழுவினாயா என்று மட்டும் கேட்டுவிடாதே. அவள் ஏற்கெனவே அதிகம் கழுவியிருப்பாள். வெளியே மட்டும் வெறும் தண்ணீர் போதும், பிறகு ஈரம் இல்லாமல் துடைத்தால் போதும். பருத்தித் துணி, நன்றாகக் காய்ந்தது. நீ ஓசூரில் இருக்கிறாய், அங்கே வெயில் இருக்கிறது, உனக்கென்ன. வாசனைக் குப்பிகளை ஆசையாக வாங்கி வந்து நீட்டாதே. அரித்தால் எல்லாம் பூஞ்சை என்று நீயே முடிவு கட்டிக் களிம்பு வாங்கப் போகாதே. நாற்றம், காய்ச்சல், அடிவயிற்று வலி, மாதவிலக்குக்குச் சம்பந்தமில்லாத ரத்தம் என்று எது இருந்தாலும் அது வேறு சங்கதி, வெரசா டாக்டரிடம் போ. கர்ப்பமாக இருக்கும்போது இது வருவது சகஜமாம். அப்போது கைமருந்து எதுவுமே கூடாது. உனக்கே அரிப்போ சிவப்போ வந்தால் நீயும் காட்டு. டாக்டரிடம் கூடப் போ. உள்ளே வரச் சொன்னால் போ, வெளியே இருக்கச் சொன்னால் இரு. அதை அவள் சொல்லட்டும்.

உன் அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். வெள்ளனே எழுந்து நடக்கிறாள், சர்க்கரை மாத்திரை போடுகிறாள், கணப்புக்கு முன்னால் கயிறு கட்டி எங்கள் துணிகளைக் காய வைக்கிறோம். பெரியம்மாவுக்குப் போன் போட்டு நானே எல்லாம் சொன்னேன். அவள், தானும் மாதா மாதம் அப்படித்தான் கழுவுகிறேன் என்றாள். இப்போது நிறுத்திவிட்டாள்.

டப்பா மறுபடி அலமாரிக்குப் போய்விட்டது. உன் அம்மாதான் வைக்கச் சொன்னாள், அதன் சொந்தப் பெயரோடு. வைக்கும்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். அதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. "இந்த வீட்டுல இது எப்படிங்க வந்துச்சு?" டப்பா நான் கற்பனை செய்ததில்லை. அது இங்கேயே இருந்தது. இதே ஈரத்தில், இதே காயாத துணியோடு, எவளோ ஒருத்தி இதை ஆணியில் மாட்டி, கதவைத் தாழிட்டு, யாரிடமும் சொல்லாமல் நின்றிருக்கிறாள். குளித்துக்கொண்டே இருக்கிறவள், அழுக்குப் போகவில்லை என்று நினைக்கிறவள். நான் அவளை உண்டாக்கினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மத்தியானம் மேகம் இறங்கியிருந்தது. உன் அம்மா பள்ளிக்கூடத்தில் இருந்தாள், போன் போட்டு உறுதி செய்துகொண்டேன். டூரிஸ்ட் யாரும் இல்லை. பின்பக்கத்தில் தண்ணீர் ஒழுகும் சத்தம் கேட்டது. மெல்ல, விட்டு விட்டு. அலமாரியைப் பார்த்தேன். டப்பா அதன் இடத்தில்தான் இருந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. இந்த முறை தீர்த்தமும் விபூதியும் எடுத்துப் போகவும் இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, உன் மனைவியிடம் நீ எந்தக் குரலில் பேச வேண்டுமோ அந்தக் குரலில் சொன்னேன்:

"போதும்மா. உள்ள கழுவ வேணாம். அங்க அழுக்கே இல்லையாம், டாக்டர் சொல்லிட்டாங்க."

சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீர் நின்றது.

கதவுக்கு இந்தப் பக்கம் நடந்ததுதானே, அளந்து விடுகிறீர்களா என்று நீ கேட்பாய். அதனால்தான் இந்தக் கடைசிப் பக்கத்தை உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்தாள். எதையும் அடிக்கவில்லை.

உன் அப்பா